எந்தப் போட்டில ஏறுறது? திருகோணமலைத் திமிங்கிலங்களும் ஒரு மூடிக் கிடந்த கடலும்

ஸ்காபரோவில் இருக்கும் மாமா மாசி மாதம் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். "பிள்ளை, சித்திரைக்கு வாறம். சின்னவளுக்குத் திமிங்கிலம் பாக்கோணுமாம். நல்ல போட் ஒண்டு பாத்து வை. காசைப் பற்றி யோசிக்காத."

சின்ன வேலைதானே என்று நினைத்தேன். கம்பஸ் லீவில் வீட்டில் சும்மாதான் நின்றேன். திரியாயில் புல்மோட்டை பஸ்ஸைப் பிடித்து, குச்சவெளி, கும்புறுபிட்டி, இறக்கக்கண்டி எல்லாம் தாண்டி நிலாவெளியில் இறங்கி, அங்கிருந்து உப்புவெளி வரைக்கும் ஒரு பகல் முழுக்க நடந்தும் ஓட்டோவிலும் திரிந்தேன்.

மூன்று விதமான ஆட்களைச் சந்தித்தேன். முதலாவது ஒரு ஹொட்டேலின் வரவேற்பு மேசை. பெரிய படகு, மேல்தட்டு, கழிப்பறை, காலைச் சாப்பாடு, ஆங்கிலம் பேசும் வழிகாட்டி. இரண்டாவது கடற்கரையில் பலகை நட்டு வைத்திருந்த ஒரு முகவர். போனை நீட்டி வீடியோ காட்டினார். தண்ணிக்குள் ஒரு வெள்ளைக்காரர், அவருக்குப் பக்கத்தில் நீலச் சுவர் மாதிரி ஒன்று நகர்ந்து போகிறது. "நீங்களும் குதிக்கலாம், பிரச்சினையில்ல. நூறு வீதம் கரண்டி." மூன்றாவது, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு மீனவர். சீசனில் தன் ஃபைபர் போட்டில் ஆட்களை ஏற்றுவார். விலை கேட்டேன், சொன்னார். கட்டாயம் பார்க்கலாமா என்று கேட்டேன். "வந்தா வரும், வராட்டி வராது. விடிய அஞ்சரைக்கு வாங்கோ" என்றுவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார்.

முகவரின் பலகையில் ஆங்கிலத்தில் வலசைக் காலம் என்று எழுதியிருந்தது. கீழே தமிழில் "திமிங்கில இடப்பெயர்வுக் காலம்" என்று போட்டிருந்தார்கள். பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கட ஊரில் இடப்பெயர்வு எண்டால் உரப்பையில் சாமான் கட்டிக்கொண்டு இரவோடு இரவாகப் போறது. அந்தப் பலகைக்கு முன்னால் நின்று தனியாகச் சிரித்தேன்.

முகவரிடம் இந்தத் தொழில் எப்ப தொடங்கினது என்று கேட்டேன். "இது சண்டைக்குப் பிறகு வந்த பிஸ்னஸ் தங்கச்சி. அதுக்கு முதல் இஞ்ச திமிங்கிலம் இருக்கெண்டே ஒருத்தருக்கும் தெரியாது." அன்றிரவு மாமாவுக்கு இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் எட்டு வயசில கண்டிருக்கிறன். அம்மப்பாவோட. தெரியாதாமோ?" என்றார்.

போட் பதியிறதை விட்டுவிட்டு வாசிக்கத் தொடங்கினது அதுக்குப் பிறகுதான்.

முதலில் ஆழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருகோணமலைக்குத் திமிங்கிலம் வருவதற்கும் கப்பற்படைகள் வந்ததற்கும் காரணம் ஒன்றுதான். இலங்கையின் பல கரைகளில் கடல் மெல்ல மெல்லத்தான் ஆழமாகும். இங்கே அப்படியில்லை. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவில் இருந்தே கடலுக்கடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்குத் தொடங்குகிறது. துறைமுக வாயிலைத் தாண்டினால் அடி தெரியாத ஆழம். ஆழ்கடலில் வாழும் மிருகம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவது அதனால்தான். கோணேசர் மலையில் நின்று பார்த்தே சில நாட்களில் மூச்சுத் தாரையைக் காணலாம். உலகத்தில் கோயில் வாசலில் நின்று நீலத் திமிங்கிலம் பார்க்கக்கூடிய இடம் வேறெங்கும் இருக்குமோ தெரியாது.

அதே ஆழம்தான் பெரிய போர்க்கப்பல்களுக்கும் இடம் கொடுத்தது. போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக்கொண்டே கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், இடையில் பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன. ஆங்கிலக் கடற்படை 1957இல்தான் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த திருகோணமலை வரலாறு முழுக்க இதுதான்: யார் பிடித்தான், யார் விட்டான். கடல் என்பது கப்பல் நிற்கும் இடம், அவ்வளவே. தண்ணிக்குக் கீழே என்ன இருந்தது என்று ஒரு பாடத்திலும் வரவில்லை.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. திரியாய் மலையில் ஒரு பாறைக் கல்வெட்டு. மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ கிரந்தம், காலம் 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டு, விஷயம் பௌத்தம். இந்த மலை யாருடையது என்று நடக்கும் சண்டை எல்லோருக்கும் தெரியும். தொல்லியல் திணைக்களப் பலகைகளும் எங்கட வயல் உறுதிகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. அதை இங்கே நீட்டவில்லை. ஆனால் அந்தக் கல்வெட்டைப் பரணவிதான பதிப்பித்த பாடத்தில் வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தத் தூபியை உண்டாக்கியவர்களாக அது சொல்வது வணிகக் கூட்டத்தாரை. அவர்களுக்குக் கொடுக்கும் முதல் பெருமை, கடலோடுவதில் தேர்ந்தவர்கள் என்பது. பலவகையான பாய்மரக் கலங்களில் சரக்கேற்றி வந்து வாங்கி விற்றவர்கள் என்று அது அவர்களை வர்ணிக்கிறது. அந்த மலைக்காக அடிபடுகிற இரண்டு பக்கமும் இந்தக் கலங்களைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. எங்கட ஊர் முதலில் வயல் ஊர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயலைத் தாண்டிக் கிழக்கே போனால் கடல். 1,200 வருடத்துக்கு முதலே அந்தக் கடலில் பலவகைப் படகு ஓடியது என்று எங்கட மலையே எழுதி வைத்திருக்கிறது.

சரி, திமிங்கிலத்துக்கு வருவோம்.

1979இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைச் சரணாலயமாக அறிவித்தது. முன்மொழிந்தது சீசெல்ஸ் என்ற குட்டி நாடு. தெற்கே 55 பாகை அகலாங்கு வரைக்கும் வணிக வேட்டை தடை. இது ஏன் பெரிய விஷயம் என்றால், அதற்குக் கொஞ்ச வருடத்துக்கு முதல்தான் இந்தக் கடலின் திமிங்கிலங்களைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டிருந்தார்கள். 1960களின் நடுவில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக் கடலிலும் சுற்றிலும் 1,294 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. உலகத்துக்குச் சொல்லவில்லை. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, அந்தக் கப்பல்களில் வேலை செய்த விஞ்ஞானிகளே உண்மைக் கணக்கை வெளியே கொண்டுவந்தார்கள். எங்கள் கடலில் இன்று வருவது அந்த மிச்சத்தின் பிள்ளைகளாக இருக்கலாம். அது ஏன் என்று கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

சரணாலயம் அறிவித்தால் போதுமா, உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது பார்க்க வேண்டாமா? அதற்காக உலக வனவிலங்கு நிதியம் பணம் கொடுத்து, ரியூலிப் என்ற ஒரு பாய்ப்படகு வந்தது. சுமார் 10 மீற்றர் நீளம், எங்கட பலநாள் மீன்பிடிப் படகை விடச் சிறியது. ஹால் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன், அபிகேல் அலிங் என்று சில இளம் ஆய்வாளர்கள். 1982 முதல் 1984 வரை அவர்கள் இந்து சமுத்திரத்தில் அலைந்தார்கள், திருகோணமலைக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

அவர்கள் வேலை செய்த முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் திமிங்கில விஞ்ஞானம் என்றால் பெரும்பாலும் வெட்டிப் போட்ட உடலை அளப்பது. இவர்கள் கொல்லாமலே படிக்கலாம் என்று காட்ட வந்தவர்கள். எண்ணெய்த் திமிங்கிலம் (அம்பர் தருவது இதுதான்) ஆழத்தில் 'டிக் டிக்' என்று இடைவிடாமல் ஒலி எழுப்பும். தண்ணிக்குள் ஒலிவாங்கியை இறக்கி, அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே இரவும் பகலும் பின்னால் போனார்கள். துரத்துவதில்லை, கூடப் போவது. வால் செட்டையில் இருக்கும் வெட்டுக்காயங்களைப் படம் எடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனி ஆளாக அடையாளம் வைத்தார்கள். 1983இல் இலங்கைக் கடலில் ஓர் எண்ணெய்த் திமிங்கிலம் குட்டி போடுவதையே கண்டிருக்கிறார்கள். இன்று எண்ணெய்த் திமிங்கிலங்களுக்குக் குலம் உண்டு, குலத்துக்கொரு வட்டாரப் பேச்சு உண்டு என்று உலகம் பேசுகிறது. அந்த ஆராய்ச்சியின் பெரிய பெயர் வைட்ஹெட். அவர் ஆரம்பத்தில் காது தீட்டிய கடல்களில் ஒன்று எங்களுடையது.

தேடி வந்தது எண்ணெய்த் திமிங்கிலம். ஆனால் திருகோணமலைக்கு வெளியே, அவர்கள் எதிர்பாராத அளவுக்கு நீலத் திமிங்கிலங்கள் நின்றன. அவை வால் தூக்கி ஆழத்துக்குப் போய் மேய்வதைப் பார்த்து, படம் பிடித்து, அபிகேல் அலிங்கும் மற்றவர்களும் வடகிழக்குக் கரை நீலத் திமிங்கிலங்களைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அது அச்சில் வந்தது 1991இல். எங்கட முகவர் அண்ணா "ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொன்ன விஷயம்.

அந்த நேரத்தில் வழி திறந்துதான் இருந்தது. நாரா என்கிற தேசிய நீரியல் வள நிறுவனம் புதிதாகத் தொடங்கியிருந்தது. நிலாவெளியில் வெள்ளைக்கார உல்லாசப் பயணிகள் வந்துபோனார்கள். உலகத்தில் நீலத் திமிங்கிலம் பார்க்கக்கூடிய இடங்களின் பட்டியலில் திருகோணமலை முதல் வரிசையில் வந்திருக்க வேண்டிய காலம் அது.

வந்தது 1983 யூலை. திருகோணமலையில் வன்முறை யூலைக்கு முதலே தொடங்கிவிட்டது. கறுப்பு யூலையில் கடற்படையினரே பட்டினத்தில் இறங்கித் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் எரித்தார்கள். ரியூலிப் 1984இல் வேலையை முடித்துக்கொண்டு போனது. 1985இல் திரியாயில் வீடுகள் எரிக்கப்பட்டன, சனம் சுடப்பட்டது, ஊர் வெறுமையானது. மாமாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மம்மா ஒரு கையில் அம்மாவையும் மறு கையில் உமல் பையில் காணி உறுதியையும் கொண்டு ஓடினதாகச் சொல்லுவா. 1990இல் மறுபடி ஓட்டம். எங்கட வீட்டில் 'ஓட்டம்' என்ற சொல்லுக்கு வருடங்கள்தான் பெயர்.

நான் பிறகுதான் கவனித்தேன், இந்தக் கதையில் இரண்டு இடப்பெயர்வும் ஒன்றாக வருகிறது. சனத்தைக் கரையில் இருந்து துரத்தினால் கடலைப் பார்க்க ஆளில்லை. மிச்சம் இருந்த மீனவர்களுக்கும் பாஸ், நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு, எஞ்சின் வலுவுக்குக் கட்டுப்பாடு. இரவில் கடலுக்குப் போகத் தடை. ஆழக்கடல் போனால் நேவியும் சந்தேகப்படும், இயக்கமும் சந்தேகப்படும். புல்மோட்டைக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கடல் சண்டைக் கடல். கால் நூற்றாண்டு காலம் அங்கே திமிங்கிலம் வந்துபோனதற்கு எழுத்தில் பதிவு மிகக் குறைவு. திமிங்கிலங்கள் வந்திருக்கும். அவற்றுக்கு பாஸ் தேவையில்லை.

இதற்கிடையில் கதை தெற்குக்குப் போய்விட்டது. மாலைதீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்ள்ஸ் அன்டர்சன், பல வருடக் காட்சிப் பதிவுகளை வைத்து 2005இல் ஒரு கருத்தைச் சொன்னார். இந்தப் பகுதி நீலத் திமிங்கிலங்கள் மற்றக் கடல்களின் நீலத் திமிங்கிலம் மாதிரி துருவத்துக்கு ஓடுவதில்லை. அவை கிழக்கு மேற்காக அலைகின்றன. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அரபிக் கடலின் சாப்பாட்டுக்குப் போகின்றன. மார்கழி, தை அளவில் இலங்கையின் தெற்குக் கரையைக் கடந்து கிழக்கே வருகின்றன, சித்திரை அளவில் திரும்ப மேற்கே போகின்றன. சோவியத் கப்பல்கள் அரபிக் கடலில் கொன்ற கூட்டத்துக்கும் எங்கள் கடலில் நிற்கும் கூட்டத்துக்கும் உறவிருக்கலாம் என்று முன்பு சொன்னது இதனால்தான். எல்லாமே அப்படிப் போவதில்லை, வருடம் முழுக்க இங்கேயே நிற்பவையும் உண்டு. ஆஷா டி வோஸ் என்ற இலங்கை விஞ்ஞானி 2003இல் தெற்குக் கடலில் திமிங்கிலத்தின் சிவந்த கழிவு மிதப்பதைக் கண்டார். கழிவு இருந்தால் சாப்பாடும் இங்கேதான் என்று பிடித்துக்கொண்டார். இவை மரபு மீறிய திமிங்கிலங்கள் என்பது அவர் வைத்த பெயர். பிறகு வந்த ஆய்வில் அவை சாப்பிடுவது பெரும்பாலும் ஒருவகைச் சிறு இறால் என்று தெரிந்தது. எங்கட கூனி இருக்கிறதல்லவா, அதன் இனத்தான். உலகத்திலேயே பெரிய மிருகமும் அம்மம்மாவும் ஒரே சாமானைத் தேடுகிறார்கள். அவ கூனிச் சம்பலுக்கு, அது வயிற்றுக்கு.

அன்டர்சனின் கருத்தைப் பிடித்துக்கொண்டு, கெஹான் டி சில்வா விஜேரத்ன போன்றவர்கள் 2008இல் மிரிஸ்ஸவை நீலத் திமிங்கிலம் பார்க்கும் இடமாக உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார்கள். அந்த வருடம் வன்னியில் யுத்தம் உச்சத்தில். தெற்கில் திமிங்கிலம் பார்க்கும் படகு, வடக்கில் இடம்பெயர்ந்த சனத்தின் உழவு இயந்திரம். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. மிரிஸ்ஸவில் இதைத் தொடங்கியவர்களில் பலர் சுனாமியில் எல்லாம் இழந்த கரையின் பெடியள்தான். ஆனால் இரண்டும் ஒரே நாட்டில் ஒரே வருடம் நடந்தது.

மிரிஸ்ஸவில் அடுத்து நடந்ததும் இந்தக் கதைக்கு முக்கியம். படகுகள் கூடின. ஒரு திமிங்கிலத்தைச் சுற்றி வட்டமாகப் பத்துப் படகு, முன்னால் ஓடி மறிப்பது, யார் கிட்டப் போவது என்று போட்டி. 2012இல் அரசாங்கம் கடல் முலையூட்டிகளைப் பார்ப்பதற்கு ஒழுங்குவிதிகளை வர்த்தமானியில் போட்டது. திமிங்கிலத்துக்கு 100 மீற்றர் கிட்டப் படகு போகக்கூடாது. அனுமதி இல்லாமல் அதோடு நீந்துவதற்கு இடமேயில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து தெவுந்தர முனைக்கு வெளியே போகும் சரக்குக் கப்பல்கள். உலகத்திலேயே நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று, திமிங்கிலம் மேயும் இடத்துக்கு மேலாலேயே போகிறது. கப்பல் மோதி இறந்த திமிங்கிலங்கள் கரை ஒதுங்கியிருக்கின்றன. பாதையைத் தள்ளுங்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டு, கடைசியில் 2022இல் எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் தானாகவே தன் கப்பல்களை 15 கடல் மைல் தெற்கே நகர்த்தியது. மற்றவர்கள் எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

யுத்தம் முடிந்து 2010 அளவில் திருகோணமலையும் சீசன் பட்டியலுக்குள் வந்தது. காற்றுக் கணக்கு நல்லாப் பொருந்தியது. வாடை முடிந்து எங்கட கடல் பங்குனியில் அடங்கும்போது, தெற்கில் சீசன் முடியப்போகிறது. தெற்கில் கடல் கொந்தளிக்கும் வைகாசி, ஆனியில் இங்கே கச்சான் கரையில் இருந்து அடிக்கும், விடியப்புறக் கடல் எண்ணெய் மாதிரி இருக்கும். இந்தக் கணக்கைப் புதிதாகக் கண்டுபிடித்ததாக விளம்பரங்களில் எழுதுகிறார்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கணக்கை வைத்துத்தான் சித்திரையில் கிழக்குக் கரைக்கு வந்து வாடி போட்டு, ஐப்பசியில் திரும்பிப் போனார்கள். திமிங்கிலத்தை விட ஒழுங்கான வலசை அது. யுத்தத்துக்கு முதல் அம்மப்பா அவர்களில் சிலரோடு சிங்களத்தில் பேசிச் சிரிப்பாராம். பிறகு அதே வாடிகள், யார் எங்கே போடலாம் என்ற பெரிய தகராறாக மாறின. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

ஆக, நான் படகு தேடிப் போன அந்தக் கரையில் மூன்று பேரும் நின்றது தற்செயலாக இல்லை. சண்டை முடிந்த கையோடு முதல் போட்டவரிடம் பெரிய படகு இருக்கிறது. மிரிஸ்ஸவில் ஒழுங்குவிதி போட்டு நிறுத்தப் பார்த்த பழக்கங்கள், அந்தப் பலகைக்காரரின் போனில் விளம்பரமாக இருக்கின்றன. பாஸ் எடுத்து, எஞ்சின் வலு குறைத்து, சுனாமியில் படகு இழந்து, 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் போட்டைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு இருந்தவரிடம் இருப்பது பதினெட்டு அடி ஃபைபரும் ஒரு எஞ்சினும்.

இதனால் சின்னப் போட்டுக்காரர் எல்லாம் நல்லவர், பெரிய படகு கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி எழுதினால் என் நண்பர்களே சிரிப்பார்கள். சின்னப் போட்டுகளில் காசுக்காகத் துரத்துகிறவர்கள் இருக்கிறார்கள், நானே கண்டேன். பெரிய படகில் உயரம் உண்டு, தூரத்தில் நின்றே பார்க்கலாம். வயசானவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் அதுதான் சரி. சின்னப் போட்டில் நிழல் இல்லை, நாலு மணித்தியாலம் இடுப்பு முறியும். உயிர்காப்பு அங்கி எத்தனை இருக்கிறது, எத்தனை பேரை ஏற்றுவார், வானொலியோ போனோ வேலை செய்யுமா என்று கேட்காமல் ஏறவே கூடாது. நான் பார்த்த ஒரு போட்டில் ஆறு பேருக்கு நாலு அங்கி இருந்தது.

ஆனால் எல்லாரிடமும் நான் கேட்ட ஒரு கேள்விக்கு வந்த பதில்தான் எனக்கு முடிவைச் சொன்னது. "திமிங்கிலம் கண்டவுடன என்ன செய்வீங்கள்?" ஹொட்டேல் மேசையில் இருந்தவர் வழிகாட்டி பார்த்துக்கொள்வார் என்றார். பலகைக்காரர் "நேரா பக்கத்தில கொண்டு போய் விடுவம்" என்றார். வலை பொத்தியவர், "எஞ்சினை நிப்பாட்டுவன்" என்றார். "கலைச்சா அது தாழ்ந்துபோகும். பிறகு எண்ணெய்தான் நட்டம்."

ரியூலிப்காரர்கள் மூன்று வருடம் அலைந்து சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

மாமாவிடம் சொன்னேன். பெரிய படகு எடுக்கலாமே, சின்னவள் இருக்கிறாள் என்று மாமி தயங்கினா. மாமாதான் ஃபைபர் போட் என்றார். அம்மப்பாவும் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, "அதின்ர பாதையில நாங்கள் நிக்கக்கூடாது" என்று சொல்லி, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாராம். அது எங்கே நடந்தது என்று கேட்டேன். "எங்கட கரையில இருந்துதான். வேற எங்க?"

வருடப்பிறப்புக்கு நாலாம் நாள் விடிய அஞ்சரைக்கு நிலாவெளியில் நின்றோம். ஐந்து பேர், ஐந்து அங்கி. சூரியன் எழும்பும்போது புறாத்தீவு பின்னால் போய்விட்டது. ஒன்றரை மணித்தியாலம் ஒன்றுமில்லை. சின்னவள் முதலில் சத்தி எடுத்தாள், பிறகு மாமியின் மடியில் நித்திரையானாள். எட்டு மணிக்குக் கிட்ட அண்ணை கையைக் காட்டினார். தெற்கே வெள்ளையாக ஒரு தாரை, தென்னை மர உயரம். சத்தம் பிறகுதான் வந்து சேர்ந்தது. அவர் சொன்னபடியே எஞ்சினை நிறுத்தினார். வேறு இரண்டு படகுகள் எங்களைத் தாண்டிப் பறந்தன. அதிலொன்றில் ஆட்கள் முகக்கண்ணாடியும் காற்செட்டையும் போட்டுக்கொண்டு ரெடியாக இருந்தார்கள். திமிங்கிலம் மூன்று தரம் மூச்சு விட்டது, முதுகு நீளமாக, முடிகிறதாகவே இல்லை. பிறகு வால் எழும்பி இறங்கியது. முந்நூறு மீற்றராவது இருக்கும். போனில் எடுத்த படத்தில் ஒரு கறுத்தக் கோடு மட்டும்தான். சின்னவளை எழுப்பினோம், கண் திறக்கவில்லை.

அந்தப் படகுகள் அது தாழ்ந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி நின்றன. நாங்கள் இருபது நிமிஷம் சும்மா மிதந்தோம். எழும்பவில்லை, அல்லது எங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எழும்பியது. மாமா திமிங்கிலம் போன திசையைப் பார்க்கவில்லை. வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இதில இருந்து திரியாய் மலை தெரியுமோ?"

"புகார் இல்லாட்டிச் சில நாள் தெரியும். இண்டைக்குத் தெரியாது."

"அங்க இருந்து ஆராவது இப்பிடி ஆக்களை ஏத்தினமோ?"

அவர் யோசித்தார். "மீனுக்குப் போறவை இருக்கினம். இதுக்கு நான் அறிய இல்ல. ஏன், நீங்கள் அந்தப் பக்கமோ?"

மாமா ஓம் என்றார். அண்ணை கயிற்றை இழுத்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார்.